கேள்விக்கு முந்தி வந்த சம்மதம்

பெரும்பொட்டலில் காற்றுக்கு வேலை அதிகம். ஊருக்கு மேற்கே வரிசை கட்டி நிற்கும் காற்றாலைகளைச் சுழற்ற வேண்டும், கொடியில் காயும் வேட்டியைக் கழற்றிப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போட வேண்டும், எதிரெதிரே நின்று பேசுகிற இரண்டு பேருக்கு நடுவே புகுந்து பாதிப் பேச்சை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆகையால் அந்த ஊரில் எதையும் இரண்டு தடவை உரக்கச் சொல்வார்கள். அப்படி இரண்டு தடவை சொல்லச் சோம்பல்பட்டுக்கொண்டு, கேட்டுச் செய்ய வேண்டிய சில காரியங்களைக் கேட்காமலே முடித்துவிடுவதும் அங்கே வழக்கம். அந்த வழக்கத்தில்தான் இந்தக் கதை வந்து மாட்டிக்கொண்டது.

ஊருக்கு மின்சாரம் கொடுக்கிற கம்பெனி, பழைய கரகரப்பு ரேடியோக்களை மூட்டை கட்டிவிட்டு, புதிதாக டிஜிட்டல் டிரங்க் ரேடியோ என்ற ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியது. மேற்குக் குன்றின்மேல் கோபுரம் நட்டார்கள், லைன்மேன்கள் எல்லோர் இடுப்பிலும் கறுப்பாக ஒரு செட்டை மாட்டிவிட்டார்கள், தர்மபுரிப் பக்கத்திலிருந்து தீர்த்தகிரி என்ற இளவயது இன்ஜினீயர் வந்து எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பழைய ரேடியோவில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். இதில் அப்படியில்லை, வானத்தில் ஐந்து பாதைகள் இருக்கின்றன, எதுவும் யாருக்கும் சொந்தமில்லை, பொத்தானை அழுத்தினால் எது காலியோ அதைக் கோபுரத்துக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும், எல்லாம் நிறைந்திருந்தால் வரிசையில் நிறுத்திவைக்கும் என்றார். யார் முகத்திலும் வெளிச்சம் வராததைப் பார்த்து, சன்னலுக்கு வெளியே இருந்த சிந்தாமதாரின் டீக்கடையைக் கைகாட்டி, அங்கே இருக்கிற கிளாசுகளைப்போல என்றார். எந்தக் கிளாசும் யாருக்கும் சொந்தமில்லை, எது கழுவியிருக்கிறதோ அது நீட்டின கைக்குப் போகிறது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அந்த ஐந்து பாதைகளையும் கண்காணிக்கிற வேலை உலகம்மாளுக்கு வந்தது. கரண்டாபீசின் கன்ட்ரோல் ரூமில் அவளுக்கு ஒரு திரை, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். எந்த செட் எந்தப் பாதையை எடுத்தது, யார் வரிசையில் நிற்கிறார்கள், எந்த செட் கோளாறு என்று அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதோடு பழைய வேலையும் உண்டு. லைன்மேன் யாராவது கம்பம் ஏறுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு எல்.சி., அதாவது லைன் கிளியர், கேட்பார், அவள் அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தச் செய்து, எல்.சி. கொடுத்தாச்சு, ஏறலாம் என்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் கம்பத்தில் கைவைக்க வேண்டும். கம்பத்தின் மேலிருக்கிறவனுடைய உயிர் அவளுடைய அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. காற்றின் தொல்லையால் ஸ்பீக்கரை எப்போதும் உச்சத்தில் வைத்திருந்தாள், ஆகவே கம்பெனியின் சங்கதி எல்லாம் சிந்தாமதார் கடையில் டீ குடிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் ஒலிபரப்பாகும்.

முதல் நாள் காலை, அவள் நாற்காலியைத் துடைத்து உட்காருவதற்குள்ளேயே ஸ்பீக்கர் பேசியது. சத்திரத் தெருவில் ஃபியூஸ் மாற்றியாகிவிட்டது, கரண்டு வந்துவிட்டது என்று ஒரு லைன்மேனின் குரல். சத்திரத் தெருவில் அப்போது கரண்டு போகவே இல்லை. டீக்கடையில் ஒருவர், நாலு நாளைக்கு முந்தியே வேலையை முடிக்கிற அளவுக்கு நம் பயல்கள் திருந்திவிட்டார்களா என்று கேட்டார். உச்சிப்பொழுதில் சத்திரத் தெருவில் ஃபியூஸ் போனது, ஆள் போனது, சாயங்காலம் உலகம்மாள் மைக்கில் என்ன ஆச்சு என்று கேட்டாள், அந்த லைன்மேன் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னான், ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் வரவில்லை. அந்தப் பதில்தான் காலையிலேயே வந்துவிட்டதே.

அன்றிலிருந்து அப்படித்தான். பெரும்பொட்டல் ரேடியோவில் பதில் முந்திக்கொண்டு வரும், கேள்வி நிதானமாகப் பின்னால் வரும். சில பதில்கள் சற்று முன்னால், சில பதில்கள் ஒரு நாள் முன்னால், சில பதில்கள் ஒரு பருவமே முன்னால் வந்து காத்திருந்தன. தீர்த்தகிரி கோபுரத்தில் ஏறிப் பார்த்தார், கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திருத்தினார், ரேடியோ செய்த கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் போன் போட்டார். பிறகு அவரும் காலையில் வருகிற பதில்களைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைக்குக் குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஆரம்பித்தார்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பேசினார்கள், பிறகு பழகிவிட்டது. மாவு மில்காரர் காலையில் டீக்கடைக்கு வந்து, மில் லைன் சாயங்காலம்தான் சரியாகும் என்ற பதிலைக் கேட்டுவிட்டு, அரிசி ஊறப்போட்ட பெண்களுக்குச் சொல்லியனுப்புவார். கல்யாண வீட்டார் தங்கள் தேதிக்கு ஏதாவது பதில் வந்திருக்கிறதா என்று விசாரித்துப் பந்தல் போட்டார்கள். ஒன்று மட்டும் போகப்போகத் தெரிந்தது. வந்த பதிலுக்கு உரிய கேள்வியை யாராவது ரேடியோவில் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பதில் போகாது. ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் தன்னைத் தானே ஒருதரம் சொல்லிக்கொள்ளும். ஆகவே பதில் தெரிந்திருந்தாலும் லைன்மேன்கள் ஒழுங்காகக் கேள்வியைக் கேட்டார்கள், சாப்பிட்ட இலையை மடக்கிவைப்பதைப்போல அதுவும் ஒரு மரியாதை ஆகிவிட்டது. எல்.சி.க்கு மட்டும், கேள்வியைக் கேட்டுவிட்டு, கம்பியில் கரண்டு இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகே ஏறினார்கள்.

கேட்காதவன் ஒருவன் இருந்தான். நம்பிராஜன். கம்பெனியிலேயே வேகமான லைன்மேன், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன், அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தனக்குத் தெரியும் என்று நம்புகிறவன். புது ரேடியோ அவனுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒருநாள் அவன் பள்ளிவாசல் தெருக் கம்பத்தடியில் நின்றபோது இடுப்பிலிருந்த செட்டில் உலகம்மாளின் குரல், எல்.சி. கொடுத்தாச்சு, ஏறலாம் என்றது. தனக்குத்தான் என்று ஏறிவிட்டான். அந்தப் பதில் வேறொருவன் வேறொரு தெருவில் நாளைக்குக் கேட்கப்போகிற கேள்விக்கு வந்தது. லைன் அவனைத் தூக்கி எறிந்தது, கீழே வைக்கோல் வண்டி நின்ற புண்ணியத்தில் காறை எலும்பு உடைந்ததோடு போயிற்று.

கட்டு அவிழ்த்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்று, உலகம்மாள் மைக்கை எடுத்து, கம்பெனி விதியில் இல்லாத ஒரு வார்த்தை பேசினாள்.

"கேக்காம ஏறுனீங்களே. நான் இல்லன்னு சொல்லிருந்தா?"

அதற்கு அவனுடைய பதில் எதுவும் முன்கூட்டி வந்திருக்கவில்லை. ஆகவே அவன் பதில் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். டீக்கடையில் எல்லோரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். ஏனென்றால் அது கம்பத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

நம்பிராஜன் உலகம்மாளுக்கு அத்தை மகன். அவள் அவனுக்கு முறைப்பெண். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் கூடி நிச்சயதாம்பூலம் வைத்தார்கள். தாய்மாமன் மகளைக் கட்டுவதற்கு யாரிடம் என்ன கேட்பது, பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம்தானே என்று நாள் பார்த்தார்கள், சேலை எடுத்தார்கள், பந்தி போட்டார்கள். வெற்றிலைத் தட்டு கைமாறப்போகிற சமயத்தில் உலகம்மாள் எழுந்து நின்று, "என்னய யாரும் கேக்கலயே" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கென்று காற்று வேறு ஓய்ந்திருந்தது, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அப்புறம் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கோபித்துக்கொண்டார்கள். சம்பந்தம் முறிந்தது, அத்தை வீடும் மாமன் வீடும் பேச்சை நிறுத்தின, தட்டிவிட்டவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது. அவனுக்கு வந்த வரன்களை அவன் தட்டினான், அவளுக்கு வந்தவற்றை அவள் தட்டினாள், பிறகு இருவருக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது, கன்ட்ரோல் என்று அவனும் லைன்மேன் என்று அவளும் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவளுக்கு அவன்மேல் வெறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. நடந்ததில் அவளுக்குப் பெரிய வலி எது என்றால், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அவள் சரி என்று சொல்லியிருப்பாள் என்பதுதான்.

அந்தக் கம்பெனி விதியில் இல்லாத வார்த்தைக்குப் பிறகு, உலகம்மாளின் திரையில் புதிதாக ஒரு கோளாறு முளைத்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆபீஸ் ஓய்ந்திருக்கிற நேரத்தில் நம்பிராஜனுடைய செட் ஒரு பாதையை எடுக்கும், பச்சை விளக்கு எரியும், ஆனால் பேச்சு வராது. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து பாதையை விட்டுவிடும். பொத்தான் பழுது என்று எழுதிப்போட்டாள், தீர்த்தகிரி புது செட் கொடுத்தார். புது செட்டிலும் அதே கோளாறு. பாட்டரியை மாற்றினார்கள், உறையை மாற்றினார்கள், இன்னொரு செட்டும் மாற்றினார்கள். பச்சை விளக்கு தினமும் வந்து ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுப் போனது.

இப்படி இருக்கையில், ஆவணி கடைசியில் ஒரு காலை, ஸ்பீக்கரில் ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் பொங்கிய சிரிப்பு. சிரிப்பு முடிகிற இடத்தில், "சம்மதம்" என்றாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் அது யார் குரல் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு சன்னல் வழியாக உலகம்மாளைப் பார்த்தார்கள். அவள் மைக்கைத் தொடவே இல்லை, கையில் பாதி உரித்த வாழைப்பழம் இருந்தது. குரல் அவளுடையதுதான். அந்தச் சிரிப்பை மட்டும் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படிச் சிரிக்கத் தனக்குத் தெரியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு ஃபியூஸும் ட்ரான்ஸ்பார்மரும் முன்கூட்டி வருகின்றன. தனக்கு மட்டும் தன்னுடைய சம்மதமே முன்கூட்டி வந்து ஊர் நடுவில் நிற்கிறது. யாரிடம் சொல்லப்போகிறோம், எதற்குச் சொல்லப்போகிறோம் என்று தெரியாது. ஒரு தடவை தன்னைக் கேட்காமல் ஊர் முடிவுசெய்தது, இப்போது தன் குரலே தன்னைக் கேட்காமல் முடிவுசெய்துவிட்டதோ என்று நினைத்தாள். அந்த வார்த்தையை இனிமேல் வாயால் சொல்வதில்லை என்று வைராக்கியம் எடுத்தாள். காய்கறிக்காரி வெண்டைக்காய் இந்த விலைக்குச் சம்மதமா என்று கேட்டால்கூடத் தலையை ஆட்டினாள்.

பதில் போகவில்லை. ஐந்தில் ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு, தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் சிரித்துச் சம்மதம் சொன்னது. புரட்டாசி வந்தது, ஐப்பசி மழை நெருங்கியது. மழைக்காலத்தில் கம்பி அறுந்து எல்லா லைன்மேன்களும் ஒரே நேரத்தில் எல்.சி. கேட்கும்போது ஒரு பாதை குறைந்தால் வரிசையில் நிற்பவன் பொறுமையிழந்து கேட்காமல் ஏறிவிடுவான் என்று தீர்த்தகிரி கவலைப்பட்டார். யாராவது வந்து சரியான கேள்வியைக் கேட்டுத் தொலைத்தால் பாதை காலியாகும் என்று கெஞ்சினார். ஆபீஸ் வாசலில் ஒரு செட்டைக் கட்டித் தொங்கவிட்டார்.

ஊர் வரிசையில் வந்து நின்றது. அன்றைக்கு விடிந்ததிலிருந்தே ஸ்பீக்கரில் உலகம்மாளின் குரல் முடியாது, முடியாது, முடியவே முடியாது என்று அடுக்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டும் நகரவில்லை, வந்த பதிலுக்கு உரிய கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது என்பதுதானே முறை. வார்டு உறுப்பினர் அவளைத் தன் கட்சியில் சேரக் கேட்டார். ஒரு தாயார் கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் தன் தம்பியைக் கட்டிக்கொள்ளக் கேட்டாள். சிந்தாமதார் ஆயுள் முழுக்க இலவச டீ என்று ஆரம்பித்துவிட்டு, பிறகு என்ன கேட்பது என்று மறந்துபோய், நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். விளக்கேற்றுகிற நேரத்தில் அந்தச் சிரிப்பு அசையாமல் அங்கேயே இருந்தது.

அப்போதுதான் ஊர் தன் பழைய வழக்கத்துக்குப் போனது. இது நம்பிராஜனுக்குத்தான், வேறு யாருக்கு என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் அதைத்தான் தாங்களும் நினைத்தோம் என்றார்கள். பதினெட்டு வருஷமாகப் பேசாத அத்தை, மாமன் வீட்டுப் படியேறி வந்து அழுதாள். உலகம்மாளின் அண்ணன் ஆறுமுகநயினார் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் உட்கார்ந்து நாள் பார்த்தார்கள். சமுதாயக் கூடத்துக்குச் சொல்லியாயிற்று, சேலை எடுத்தாயிற்று, சமையலுக்கு ஆள் பேசியாயிற்று. மல்லிகை மணக்க வீடு நிறைய ஆட்கள் இருந்த ஒரு மாலை, வேலை முடிந்து வந்த உலகம்மாள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னண்ணே இது?"

"நல்ல காரியம்தான். உள்ள வா."

"என்னய யாரும் கேக்கலயே."

ஆறுமுகநயினாருக்குக் கோபம் வரவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போனார். "அதான் நீயே சொல்லிட்டியேம்மா. ஊரே கேட்டுச்சே. தினமும் சொல்லுதியே."

"பதில் வந்திருக்குண்ணே. கேள்வி வரல."

அத்தை, எடுத்த சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்தால் ஏன் இந்தப் பாடு என்று முணுமுணுத்தாள். உலகம்மாள் அன்று சாப்பிடவில்லை. கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். காறை எலும்பு உடைந்தும் அந்த மனுஷனுக்கு விளங்கவில்லையே, கூடத்துக்குச் சொல்லத் தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூட விளங்கவில்லையே என்று நினைத்து, அந்தச் சம்மதத்தைச் சாகும்வரை சொல்லாமல் இருந்துவிடலாம் என்று முடிவுசெய்தாள். ஒரு பாதை போனால் போகட்டும்.

உண்மையில் கூடத்துக்குச் சொன்னதும் சேலை எடுத்ததும் நம்பிராஜனுக்குத் தெரியாது. அவனையும் யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலும் கேட்கவில்லை என்பதை அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

ஐப்பசி பிறந்து, கடலில் புயல் சின்னம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஸ்பீக்கரில் அவள் குரலில் இன்னொரு பதில் வந்தது. "சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." அவள் குழம்பினாள். தான் எப்போதும் அப்படிப் பேசுகிறவள் இல்லை. எந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் சொல்வோம், என்று சொல்வோம் என்று யோசித்துக்கொண்டே வேலையைப் பார்த்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது, மரக்கிளைகளை வெட்டிவிட எல்லாத் தெருவிலும் லைன்மேன்கள் ஏறியிருந்தார்கள், நான்கு பாதைகளும் நிறைந்து வழிந்தன, ஐந்தாவதில் அவளுடைய சம்மதம் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியது. திரையின் ஓரத்தில், வரிசையில் காத்திருப்பவர்களின் கடைசியில், நம்பிராஜனுடைய செட்டின் எண் வந்து நின்றது. எல்லாப் பாதையும் நிறைந்திருப்பதால் அவனுக்கு டொக் டொக்கென்று காத்திருப்பு ஒலி கேட்டுக்கொண்டிருக்கும். ஆபீசுக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டிய கம்பத்தின் உச்சியில் அவன் இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பது சன்னல் வழியே தெரிந்தது, முறையாக எல்.சி. கேட்டு வாங்கி ஏறியிருந்தான், கிளை வெட்டி முடித்துவிட்டான், இறங்காமல் செட்டை வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோளாறு செட்டில் இல்லை. தினமும் ஒரு மூச்சு நேரம் வந்து நின்ற அந்தப் பச்சை விளக்குதான் கேள்வி. கேட்கத் தெரியாத ஒருவன் தினமும் வந்து கேட்க முயற்சி செய்துவிட்டுப் போயிருக்கிறான், அவள் அதைப் பொத்தான் பழுது என்று எழுதிப்போட்டிருக்கிறாள்.

அவள் கண் நிறைந்துவிட்டது. கன்ட்ரோலில் இருப்பவருக்கு ஓர் அதிகாரம் உண்டு, வரிசையில் நிற்கிற ஒரு செட்டை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவரலாம். அவள் அவனுடைய எண்ணை முதலில் கொண்டுவந்தாள், ஒரு பாதை காலியானதும் அது அவனுக்குப் போயிற்று. பச்சை விளக்கு எரிந்தது. பேச்சில்லை. ஒரு மூச்சு நேரம் கழிந்து, விளக்கு அணையப்போகிற சமயத்தில் அவள் மைக்கை அழுத்தினாள்.

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அது காலையிலேயே ஒலித்துவிட்டதால் ஸ்பீக்கரிலும் எந்த செட்டிலும் இப்போது ஒலிக்கவில்லை. ஆனால் கம்பத்தின் உச்சியிலிருந்து சன்னல் தெரியும். அவள் மைக்கில் பேசுவதை அவன் பார்த்தான், காலையில் வந்த பதில் யாருக்கு வந்தது என்று அவனுக்கும் தெரிந்தது. செட்டில் அவன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. மற்ற லைன்மேன்கள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள்.

"கன்ட்ரோல், லைன்மேன் நம்பிராஜன் பேசுதேன்."

இன்னொரு தடவை செருமினான்.

"உலகு, பதினெட்டு வருசத்துக்கு முன்னால கேக்காம ஏறுன கம்பத்துக்கு இப்ப எல்.சி. கேக்கேன். என்னயக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா? ஊர் பேசுதத நீ காதுல வாங்காத, ரேடியோ சொன்னதையும் வாங்காத. இல்லன்னா இல்லன்னு சொல்லு, எறங்கிருதேன்."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், "ஓவர்" என்றான்.

டீக்கடையில் அத்தனை பேரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் மைக்கின் மேல் கையை வைத்தபடி யோசித்தாள். இல்லை என்று சொல்லலாம். கேட்டவன் அதற்கும் இடம் வைத்துத்தான் கேட்டிருக்கிறான். ரேடியோ முன்கூட்டி என்ன சொல்லியிருந்தாலும் அது அவளைக் கட்டாது. இந்த நிமிஷத்தில் சொல்லவும் சொல்லாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. அது முழுசாகத் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தபோது மனசு லேசானது. கம்பத்தின் உச்சியில், புயல் காற்றில், தலையில் மஞ்சள் தொப்பியோடு, கிளை வெட்டும் அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண் கேட்டுவிட்டு ஓவர் என்று சொல்லிக் காத்திருக்கிற மனுஷனைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பதினெட்டு வருஷத்துச் சிரிப்பும் சேர்ந்து பொங்கி வந்தது. மைக்கை அழுத்தி, சிரிப்பு முடிகிற இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் ஐந்தாவது பாதை காலியானது. ஆவணியிலிருந்து தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் ஊரே கேட்ட அந்தப் பதில் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது, தீர்த்தகிரி நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார், சிந்தாமதார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாசுகளை அலச ஆரம்பித்தார். நம்பிராஜன் மட்டும் கம்பத்தில் அப்படியே இருந்தான். செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் இன்னதுதான் என்று தானே முடிவுகட்டாமல், அதற்காகக் காத்திருந்தான்.

உலகம்மாள் எழுந்து சன்னலுக்கு வந்தாள். கதவைக் காற்று பிடுங்கியது, இரண்டு கையாலும் தள்ளித் திறந்துவைத்தாள். கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அவள் அவனை லைன்மேன் என்றுதான் கூப்பிட்டிருந்தாள், ரேடியோவும் அவள் குரலில் அவனுக்கு வேறு பெயர் எதையும் முன்கூட்டிச் சொன்னதில்லை. இந்தக் காற்றில் ஒரு தடவை சொன்னால் கேட்காது என்பதால் இரண்டு தடவை உரக்கச் சொன்னாள்.

"எறங்கி வாங்க அத்தான். எறங்கி வாங்க, பக்கத்துல வந்து கேளுங்க, மறுபடி சொல்லுதேன்."

அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இறங்கத் தொடங்கினான். மழை முதல் துளிகளைப் போட்டது, ஐந்து பாதைகளும் திறந்திருந்தன.